வாசகரைத் தெரிந்துகொண்டு எழுது என்கிறார்களே, சத்துமாவு விற்கவுமா?

கேள்வி: ஜனவரி 6, 2024

மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே சத்துமாவு அரைத்து விற்கிறேன். கேழ்வரகு, கம்பு, முளைகட்டிய பயறு, பாதாம் என்று 21 பொருட்கள். போன மாதம் 2,000 நோட்டீஸ் அச்சடித்து, பேப்பர் ஏஜென்டிடம் கொடுத்து நாளிதழுக்குள் வைத்துப் போடச் சொன்னேன். மூன்று போன் வந்தது. ஒருவர் அரைக் கிலோ வாங்கினார். இன்னொருவர் மிளகாய்த் தூள் அரைத்துத் தருவீர்களா என்றார். மூன்றாமவர் நோட்டீஸ் பளிச்சென்று இருக்கிறதே, எங்கே அச்சடித்தீர்கள் என்று கேட்டார்.

எல்லாரும் ‘டார்கெட் ரீடர் யாரென்று பார்த்து எழுதணும்’ என்கிறார்கள். பார்த்துத்தான் எழுதினேன். 25 முதல் 45 வயதுப் பெண்கள், நடுத்தர வருமானம், தென்சென்னை. இதற்கு மேல் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? பொருள் நன்றாக இருந்தால் விற்காதா? இது விளம்பரக்காரர்கள் பில்லைப் பெரிதாக்கச் சொல்லும் கதை என்று நினைக்கிறேன்.

பதில்: ஜனவரி 6, இரவு

பில்லைப் பெரிதாக்கும் கதை என்பது பாதி உண்மை. விளம்பரம் எழுதுகிறவன் நான், நானே அப்படி பில் போட்டிருக்கிறேன்.

ஆனால் ‘25 முதல் 45 வயதுப் பெண்கள்’ என்பது வாசகர் இல்லை, வாக்காளர் பட்டியல். உங்கள் தெருவிலேயே 25 வயதுப் பெண் ஹாஸ்டலில் தங்கி பெருங்குடிக்கு வேலைக்குப் போகிறவராக இருப்பார். அவரிடம் அடுப்பே இருக்காது. 45 வயதுக்காரர் பிளஸ் டூ பிள்ளையை எழுப்பி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறவர். இரண்டு பேரையும் எந்த வாக்கியம் நிறுத்தும்?

நோட்டீஸில் இருந்த வாசகத்தை அப்படியே இங்கே போடுங்கள்.

ஜனவரி 7

போட்டிருக்கிறார்: ‘இயற்கையின் கொடை! 21 தானியங்களின் சங்கமம்! புரதம், நார்ச்சத்து, இரும்புச்சத்து நிறைந்தது! உங்கள் குடும்பத்தின் ஆரோக்கியமே எங்கள் லட்சியம்!’

பயறும் பாதாமும் எப்போது தானியம் ஆயின என்பதை விடுவோம். கடைசி வரியைப் பல் டாக்டர் போர்டில் ஒட்டலாம், ஜிம் வாசலில் ஒட்டலாம், செக்கு எண்ணெய்க் கடையிலும் ஒட்டலாம். எங்கு ஒட்டினாலும் பொருந்துகிற வரி யார் கண்ணிலும் நிற்காது. படிப்பவர் தன்னிடம் யாரோ பேசுகிறார்கள் என்று நினைப்பதற்கு இதில் ஒரு சொல்கூட இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த விளம்பர ஏஜென்சியில் சுவரில் ஓர் அட்டை தொங்கும், நாங்கள் கற்பனை செய்துகொண்ட வாசகர். ‘பிரியா, 34, வேளச்சேரி, இல்லத்தரசி, குடும்பமே உயிர்.’ அங்கே ஆறு வருடம் இருந்தேன், பிரியாவுக்கு 35 ஆகவே இல்லை. எண்ணெயும் அவரே வாங்குவார், இன்சூரன்ஸும் அவரே, ஸ்கூட்டரும் அவரே. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அதனால் உங்களைச் சொல்லித் தப்பில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிறவர்களே அந்த லட்சணத்தில்தான் செய்கிறார்கள்.

ஜனவரி 9

சரி, என் கதையைச் சொல்கிறேன். 2019 கோடை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வற்றிக் கிடந்த வருடம். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது, 50 வேகனில் 25 லட்சம் லிட்டர். அதற்குச் சில வாரம் முன்னால் ஒரு வாட்டர் பியூரிஃபயர் டீலர் என்னிடம் வந்தார். ஆர்.ஓ. மெஷின், மாதத் தவணை, நகரம் முழுக்க நோட்டீஸ்.

உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். ‘உங்கள் வீட்டுத் தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு தெரியுமா? 500-ஐத் தாண்டினால் ஆபத்து!’ டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு. எழுதி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. பயம் காட்டினால் விற்கும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

பெருங்குடியில் ஓர் அடுக்ககம். செயலாளர் ஓய்வுபெற்ற பொறியாளர். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: ‘தம்பி, ஆபத்துன்னு எந்த ஸ்டாண்டர்ட்ல இருக்கு?’ அப்புறம் அவரே பாடம் எடுத்தார். குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. அதில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க வரம்பு. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. அவர் வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் இருந்தது, போர் தண்ணீரை வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். எழுதினவனைவிடப் படித்தவருக்கு அதிகம் தெரியும். ஒரு வார்த்தை தப்பானதும் மெஷினும் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார்.

அதே நோட்டீஸ் வியாசர்பாடிக்கும் போனது. டீலரின் ஆளோடு நானும் சும்மா கூடப் போனேன். தெருவில் குடங்கள் வரிசையாக நின்றன, லாரிக்காக. அங்கே யாருக்கும் டி.டி.எஸ். பேச்சே இல்லை. ஓர் அக்கா நோட்டீஸைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘இதுல எவ்ளோ தண்ணி வீணா போவும்?’ டீலரின் ஆள் மழுப்பினான். அவர் விடவில்லை. ‘சித்தி வீட்ல இருக்கு, ஒரு குடம் வந்தா மூணு குடம் பைப்புல வெளிய போவுது. நான் நாலு குடத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து நிக்கிறேன். அதக் கொட்டணுமா?’

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வீட்டு ஆர்.ஓ. மெஷின் வடிகட்டித் தருவதைவிடக் கழித்து வெளியே தள்ளுவதுதான் பெரும்பாலும் அதிகம். தண்ணீரே இல்லாத ஊரில், தண்ணீரைக் கொட்டும் மெஷினை, தண்ணீர் சுத்தமில்லை என்று பயமுறுத்தி விற்கப் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டீஸில் கழிவு நீரைப் பற்றி ஒரு வரி இல்லை. பாத்திரம் கழுவ, துணி அலச, கக்கூஸுக்கு ஊற்ற அதைப் பிடித்து வைக்கலாம் என்றாவது எழுதியிருக்கலாம். எழுத வேண்டும் என்பதே தெரியவில்லை, ஏனென்றால் நான் யாரையும் கேட்கவில்லை. என் வீட்டுக்கு அப்போது லாரித் தண்ணீர் தொட்டியில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

டீலர் பாதிப் பணம்தான் கொடுத்தார். நானும் மீதியைக் கேட்கவில்லை.

ஜனவரி 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அந்த அக்கா கேள்விக்கு நான் நல்ல பதில் எழுதியிருந்தால் மட்டும் மெஷின் விற்றிருக்குமா? விற்றிருக்காது. அவருக்கு அந்தக் கோடையில் அது தேவையில்லாத பொருள். சில சமயம் வாசகரைத் தெரிந்துகொண்டால், இவருக்கு எழுதாதே என்பதுதான் கிடைக்கும் விடை. அச்சுக் கூலியாவது மிஞ்சும்.

ஜனவரி 14, போகி

காலையில் ஊரே புகை. மூக்கைப் பொத்திக்கொண்டு நங்கநல்லூர் போனேன், தெரிந்தவர் மளிகைக் கடை. ஒரு மணி நேரம் சிறுதானிய அலமாரி பக்கமாக நின்றேன், ஏதோ விலை பார்க்கிறவன் மாதிரி. உங்களுக்காகத்தான் போனேன் என்று சொல்ல ஆசை, உண்மையில் எனக்கே அரிப்பு.

சத்துமாவு பாக்கெட்டைக் கையில் எடுத்தவர்கள் கடைக்காரரிடம் என்ன கேட்டார்கள் என்று பின்னாலேயே செல்போனில் குறித்துக்கொண்டேன். புரதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நார்ச்சத்து, சுத்தமாக இல்லை. கேட்டது இதெல்லாம்: ‘கட்டி தட்டுமா?’ ‘வண்டு வெச்சிருமா, எத்தன நாள் தாங்கும்?’ ‘அவருக்கு சுகர், இதுல பொட்டுக்கடலைதான அதிகம்?’ ‘மோர்ல கரைக்கலாமா, பால்லதானா?’ ஓர் அம்மா பாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, வறுத்தது பத்தவில்லை என்று வைத்துவிட்டார். மூடின பாக்கெட்டில் எப்படித் தெரிந்ததோ, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

‘கட்டி தட்டுமா’ மட்டும் நாலு பேர் கேட்டார்கள். சத்தான பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைச் சொல்லத் தேவையே இல்லை. அவர்களுக்கு வாங்கினால் வீணாகிவிடுமோ என்ற கவலை. போன தடவை வாங்கியது கட்டி கட்டியாக ஆகி, பிள்ளை துப்பி, மீதி டப்பாவில் வண்டு வைத்து, கடைசியில் குப்பைக்குப் போயிருக்கும்.

என் யோசனை: தலைப்பாக ‘கட்டி தட்டாது’ என்று போடுங்கள். சங்கமத்தை எடுத்துவிடுங்கள்.

ஜனவரி 15

பொங்கல் வாழ்த்தெல்லாம் வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சொல் பற்றிய சந்தேகம். சத்துமாவு என்றால் சிலருக்குப் பாட்டி வறுத்து அரைத்தது. சிலருக்கு அங்கன்வாடியில் இலவசமாகக் கொடுக்கும் பாக்கெட். அங்கே சும்மா கிடைப்பதை இங்கே காசு கொடுத்து வாங்குவானேன் என்று நினைக்கிற வீடும் இருக்கிறது. அண்ணா நகரில் என் தங்கையைக் கேட்டால் ‘ஹெல்த் மிக்ஸ்’ என்கிறாள். அவள் மாமியார் ‘கஞ்சி மாவு’ என்கிறார். ஒரே வீடு, ஒரே டப்பா. தூய தமிழா ஆங்கிலமா என்று சண்டைக்கு வராதீர்கள். வாங்குகிறவர் வாயில் எது இருக்கிறதோ அதுதான் பாக்கெட்டில் இருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் எதைச் சொல்கிறார்கள்?

ஜனவரி 16

சொல்ல மறந்தது. உங்களிடம் வாங்கியவர்களைக் கேட்கும்போது ‘இது வாங்குவீங்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேராக யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. ‘கண்டிப்பா’ என்பார்கள், அதோடு சரி. ‘கடைசியா எப்போ கஞ்சி காய்ச்சினீங்க? ஏன் விட்டீங்க?’ என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள்.

ஜனவரி 21

மடிப்பாக்கத்துக்காரர் அசத்திவிட்டார். பழைய பால் கணக்கு நோட்டில் இதுவரை வாங்கியவர்கள் எண்கள் இருந்தனவாம், 19. எல்லாருக்கும் போன் போட்டிருக்கிறார், 12 பேர் எடுத்தார்கள். அவர் எழுதியதைப் படித்ததும் என் போகிக் குறிப்பில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

12 பேரில் 7 பேர் வீட்டில் கஞ்சி குடிப்பவர் அப்பாவோ அம்மாவோ. பணம் அனுப்பியது மகனோ மகளோ, பாதிப் பேர் ஊரிலேயே இல்லை, பெங்களூர், ஒருவர் சிங்கப்பூர். மறுபடி ஏன் வாங்கவில்லை என்று கேட்டதற்கு மூன்று வீட்டில் ஒரே பதில்: ‘சமையல்கார அம்மா நின்னுட்டாங்க, காய்ச்சிக் குடுக்க ஆளில்ல.’

நான் கடையில் நின்று பார்த்தது கடைக்கு வருகிறவர்களை. இவருடைய ஆட்கள் கடைக்கே வருவதில்லை. காசு கொடுப்பவர் பெங்களூரில் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறார், கரண்டி பிடிப்பவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மா, குடிப்பவர் மடிப்பாக்கத்தில் டி.வி. முன்னால். நாளிதழுக்குள் வைத்த நோட்டீஸைப் படித்தது கஞ்சி குடிக்கிற இந்த மூன்றாமவர். அவருக்குத் தனக்கு வயதாகிவிட்டது என்று ஒத்துக்கொள்ளவே இஷ்டமில்லை. ‘உடலுக்கு வலு’ என்று படித்ததும் பேப்பரை மடித்துப் பழைய பேப்பர் கட்டில் போட்டிருப்பார்.

ஆக எழுத வேண்டியது இரண்டு. மகனுக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரி. காய்ச்சுகிற அம்மாவுக்குப் பாக்கெட்டின் பின்பக்கம், பெரிய எழுத்தில், முடிந்தால் படமாக. அந்தப் பின்பக்கமும் விளம்பரம்தான். இரண்டாவது பாக்கெட்டை விற்கப்போவது அதுதான்.

ஜனவரி 28

ஒருவர் இடையில் புகுந்து, ‘சத்துமாவுக்கு இவ்வளவா, நான் மனை விற்கிறேன், எனக்குச் சொல்லுங்கள்’ என்கிறார். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்ததும் திறந்தார்கள், செங்கல்பட்டு வரைக்கும் எல்லா மனையும் ‘கிளாம்பாக்கத்திலிருந்து 10 நிமிடம்’ ஆகிவிட்டது. எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று கேட்கக் கூடாது.

மனை வாங்குகிறவருக்குத் தூரம் தெரியும், மேப் பார்த்துக்கொள்வார். அவர் மனசில் ஓடுவது ஏமாந்த மச்சானின் கதை. முதல் கேள்வி ‘சி.எம்.டி.ஏ.வா டி.டி.சி.பி.யா’, அதாவது மனைக்கு அனுமதி கொடுத்தது எந்த அரசு அமைப்பு என்பது, இரண்டாவது பட்டா. மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் மூன்றாவது ஒன்று சேர்ந்திருக்கிறது: ‘டிசம்பர்ல தண்ணி நின்னுச்சா?’ நின்றிருக்காவிட்டால் டிசம்பர் 5 அன்று எடுத்த போட்டோவைப் போடுங்கள், மற்ற எதுவும் வேண்டாம். நின்றிருந்தால் நான் எழுதித் தர மாட்டேன். அப்புறம், பதிவு செய்த மனைப்பிரிவு என்றால் ரெரா எண்ணை (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் தரும் பதிவு எண்) விளம்பரத்தில் போட வேண்டும் என்பது 2016 சட்டத்திலேயே இருக்கிறது. ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி அதை மூலையில் பொடி எழுத்தில் போடுகிறார்கள். உங்கள் வாசகர் முதலில் தேடுவதே அந்த எண்ணைத்தான்.

போதும், மாவுக்குத் திரும்புவோம்.

பிப்ரவரி 3

‘இதெல்லாம் சின்ன வியாபாரத்துக்கு, பெரிய கம்பெனிக்காரன் டி.வி.யில் கொட்டி விற்பான்’ என்று ஒருவர். சிக் ஷாம்பூ நினைவிருக்கிறதா? சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு கடலூரில் தொடங்கியது, பின்னால் கெவின்கேர் ஆனது. அவர்கள் ஊர் ஊராகப் போய், ஜனங்களைக் கூட்டி, பள்ளிப் பையன்கள் தலையில் தேய்த்துக் காட்டினார்கள். சீயக்காயும் சோப்பும் போட்டுக் குளித்த ஊரில் ஷாம்பூ நல்லது என்று சொல்லி என்ன பயன்? எப்படிப் போடுவது என்பதே தெரியாதபோது? எந்த ஷாம்பூவின் காலி சாஷே ஐந்து கொண்டுவந்தாலும் ஒரு சிக் இலவசம் என்றும் கொடுத்தார்கள், அப்புறம் சிக் சாஷேக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மல்லிகை, ரோஜா வாசனையில் வந்தது அதற்குப் பிறகு. தலையில் பூ வைக்கிற பெண்ணுக்குத் தலையில் பூ வாசம். இதை யோசித்தவர் பெண்கள் தலை வாரிப் பூ வைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பிப்ரவரி 4

அவசரம். மடிப்பாக்கத்துக்காரர் புது வாசகம் அனுப்பியிருக்கிறார், அதில் ‘சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தும்’. உடனே எடுங்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954 சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருளுக்கு 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகள், நோய் தீரும் என்ற வாக்குறுதியை அனுமதிப்பதில்லை. 2019 நுகர்வோர் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போகலாம். உங்கள் மாவு விற்று அதைக் கட்ட முடியாது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. ‘அவருக்கு சுகர்’ என்று கடையில் கேட்டதை நான்தான் இங்கே எழுதினேன். வாசகரின் பயம் தெரிந்துவிட்டால் அதைத் தொட்டு விற்கத் தோன்றும், 2019-ல் எனக்குத் தோன்றிய மாதிரி. அவர் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் போதும்: ‘சர்க்கரை, வெல்லம் சேர்க்கவில்லை. பொட்டுக்கடலை இத்தனை கிராம்.’ மீதியை அவர் டாக்டர் சொல்வார்.

பிப்ரவரி 11

புதிது தயார். மகனுக்கு:

‘அம்மா காலையில என்ன சாப்பிட்டாங்கன்னு போன்ல கேட்டா “ஏதோ சாப்பிட்டேன்”னுதான் சொல்வாங்க. ரெண்டு ஸ்பூன் மாவு, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணி, அஞ்சு நிமிஷம். கட்டி தட்டாது. மாசம் ஒரு கிலோ, மடிப்பாக்கம், நங்கநல்லூர், கீழ்க்கட்டளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.’

முதல் வரி மடிப்பாக்கத்துக்காரர் எழுதியது, நான் இல்லை. சிங்கப்பூர் மகள் போனில் சொன்னதாம். இருபது வருடம் எழுதியும் எனக்கு அந்த வரி வந்திருக்காது.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று எனக்கே குழப்பம் இருந்தது. நோட்டீஸ் என்றால் ‘நீங்கள்’, வாட்ஸ்அப் என்றால் ‘நீங்க’ என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் வந்து பேசுகிறவர் மேடைத் தமிழ் பேசினால் சந்தேகம் வரும். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கம் எழுத்துத் தமிழ்தான், அதுவும் குட்டி வாக்கியம்: ‘முதலில் பச்சைத் தண்ணீரில் கரைக்கவும். பிறகு அடுப்பில் வைக்கவும்.’

அச்சு விஷயம்: மல்டிகலர் வேண்டாம் என்றேன். முடிந்தவரை ஏஜென்ட் வேண்டாம் என்றும். நோட்டீஸ் 300 மட்டும், ஒற்றை வண்ணம். அடுக்கக வாட்ஸ்அப் குழுக்களில் அந்த நாலு வரி, பழைய 19 எண்களுக்குத் தனித்தனியாக.

பிப்ரவரி 26

இரண்டு வாரக் கணக்கு வந்திருக்கிறது. 14 போன், 9 பேர் வாங்கினார்கள், அதில் 5 பேர் மாதா மாதம் வேண்டும் என்றிருக்கிறார்கள். உலகம் புரளவில்லை. 2,000-க்கு ஒன்று என்பதோடு ஒப்பிட்டால் நான் கொஞ்சம் காலரைத் தூக்கிக்கொள்ளலாம், ஆனால் பழைய எண்களிலிருந்து வந்தவர்களை இதில் கழிக்க வேண்டும், அவர்கள் ஏற்கெனவே ருசி தெரிந்தவர்கள். கழித்தால் 4.

ஒரு புகாரும் வந்தது. ‘கட்டி தட்டாதுன்னு போட்டிருந்தீங்க, கட்டி கட்டியா இருக்கு.’ இவர் பதறிப்போய் விசாரித்திருக்கிறார். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டியிருக்கிறார். பின்பக்கம் எழுதியிருந்ததே என்று கேட்டால், அவருக்குத் தெலுங்குதான் படிக்க வருமாம். இனிமேல் படம்தான். ஒரு டம்ளர், அதில் குழாய்த் தண்ணீர், பக்கத்தில் அணைந்த அடுப்பு. அணைந்த அடுப்பை எப்படி வரைவது என்று டி.டி.பி. செய்யும் பையனோடு நேற்று அரை மணி நேரம் சண்டையாம்.

அப்புறம், இந்த முறை நோட்டீஸ் எங்கே அச்சடித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையாம்.